முதல் பருவம்: பள்ளி வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

காவிரிக் கடைமடையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்புக்கும் நாங்கள் இருவர்தான். ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளிலிருந்து, காலையில் பிள்ளையை விட வருகிறவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏதாவது கேட்பார்கள். நடவுக்குப் போகிற அவசரத்தில் முழுப் பதிலையும் கேட்க அவர்களுக்கு நேரமிருக்காது. மணி அடிக்கிற அவசரத்தில் சொல்ல எனக்கும் நேரமிருக்காது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பருவம், பருவம் என்கிறீர்களே, அது எத்தனை மாதம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாவது. ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிவது மூன்றாவது. 2012-13 கல்வியாண்டில் இந்த முப்பருவ முறை வந்தது. ஆண்டு முழுவதற்கும் ஒரே தடிப் புத்தகம் என்பது போய், பருவத்துக்கொரு புத்தகம் வந்தது. முதுகுப் பை இளைத்தது அப்போதிலிருந்துதான். ஊரில் இன்னும் செப்டம்பர்த் தேர்வைக் 'காலாண்டுப் பரீட்சை' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும், எனக்கே பல நேரம் வாயில் அதுதான் வருகிறது.

மூன்றிலும் நீளமானதும் கலகலப்பானதும் முதல் பருவம்தான். ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் அழுது முடிக்கவே இரண்டு வாரம் ஆகும். அடுத்து ஜூலை 15, காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். ஆகஸ்டில் கொடியேற்றம். இவற்றுக்கு நடுவில்தான் பாடம்.

நோட்டில் ஒன்றுமே இல்லையே டீச்சர், நாள் முழுவதும் விளையாட்டுத்தானா?

வாசலில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். அதனால் பதிலும் கொஞ்சம் நீளம்.

போன ஆண்டு இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் பதிமூன்று எழுதச் சொன்னால் 103 என்று எழுதினான். பதினைந்துக்கு 105. அவன் முட்டாள் இல்லை. பத்து, அப்புறம் மூன்று என்று காதில் விழுந்தது, விழுந்தபடி எழுதினான். நோட்டில் சிவப்பு மையால் அடித்து, பத்து முறை 13 எழுத வைத்திருந்தால் அந்த நாளைக்கு 13 சரியாகியிருக்கும். மறுநாள் பதினாறு கேட்டால் 106 வந்திருக்கும்.

நாங்கள் செய்தது இது. தென்னை ஈர்க்குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து ஒரு குவியல். எண்ணி எண்ணிப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும். பதிமூன்று என்றால் ஒரு கட்டும் மூன்று உதிரியும். தரையில் சாக்பீஸால் இரண்டு கட்டம். கட்டுகள் இடப்பக்கம், உதிரிகள் வலப்பக்கம். எத்தனை கட்டு இருக்கிறதோ அதை அந்தக் கட்டத்துக்குக் கீழே எழுது, அவ்வளவுதான். மூன்று நாள் அந்தப் பையன் கட்டிக் கட்டி அவிழ்த்தான். நான்காவது நாள், நான் கேட்காமலே, "கட்டு ஒன்றுதானே டீச்சர் இருக்கிறது, எதற்கு அந்தப் பூச்சியம்?" என்றான். அந்த மூன்று நாளும் அவன் நோட்டு வெறுமையாகத்தான் இருந்தது. அவன் அம்மா வாசலில் வந்து சண்டை போட்டதும் அந்த மூன்று நாட்களில்தான்.

தமிழில் எண்ணின் பெயரிலேயே வேறு ஒரு சிக்கல் உண்டு. தொண்ணூறு என்று சொல்லும்போது நூறு காதில் விழுகிறது. ஆனால் அது 90. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது, அது 900. எட்டு வயதுப் பிள்ளை இதில் தடுக்கி விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒன்பது கட்டுகளைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளை தொண்ணூறில் குழம்புவது குறைவு.

எழுத்துக்கும் இதே கதைதான். அ, ஆ என்று பன்னிரண்டு உயிரையும் முடித்துவிட்டுத்தான் மெய் என்று நாம் படித்தோம். ஆனால் ட, ப, ம மூன்றையும், அவற்றுக்குப் புள்ளி வைப்பதையும் தெரிந்துகொண்டால் 'படம்', 'பட்டம்', 'மட்டம்' என்று பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும். கோடும் வளைவும் எளிது. சொல் வாசித்த பெருமை முதல் வாரத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் உங்கள் பிள்ளை ஆவன்னா, ஈயன்னா தெரியாமல் 'பட்டம்' வாசித்தால் பதற வேண்டாம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. அவளை 'அரும்பு' என்கிறீர்கள். பெயிலா?

இல்லை. எட்டாம் வகுப்பு வரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்பவை எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நிலைகள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பல பிள்ளைகள் எழுத்துக் கூட்டவே மறந்துவிட்டார்கள். எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தையும் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும், 2025-க்குள் அந்த நிலையை எட்ட வேண்டும் என்ற இலக்குடன் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் அதைத் தொடங்கினார்கள். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு. மறு ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன.

அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்புக்கு உரிய நிலை, மொட்டு இரண்டு, மலர் மூன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து அடையாளம் தெரியவில்லை என்றால், மூன்றாம் வகுப்புப் பாடத்தை அதன் தலையில் கொட்டி என்ன பயன்? எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலிருந்துதான் கை பிடித்துக் கூட்டிவர வேண்டும். நிலை மாறும். ஜூலையில் அரும்பாக இருந்த பிள்ளை செப்டம்பரில் மொட்டாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். வீட்டில் அண்ணன் தம்பிக்குள் 'நீ இன்னும் அரும்புதானே' என்று கேலி செய்ய விடாதீர்கள். பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் பூவின் பெயரை வைத்தார்கள். பிள்ளைகள் எந்தப் பெயரையும் வசவாக மாற்றிவிடுவார்கள்.

சுவரில் கீழே கருப்பாகப் பூசியிருப்பதும், தலைக்கு மேலே கம்பி கட்டியிருப்பதும் எதற்கு?

கீழே இருப்பது பிள்ளைகளின் கரும்பலகை. ஆளுக்கு ஒரு பங்கு. மேலே இருப்பது கம்பிப் பந்தல். அவர்கள் வரைந்ததையும் வெட்டி ஒட்டியதையும் அதில் கோத்துத் தொங்கவிடுகிறோம். இரண்டும் செயல்வழிக் கற்றல் காலத்து மிச்சம். ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளி கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அப்போது நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு ஆசிரியர்களும் பாயில் உட்கார்ந்தோம். பாடம் அட்டை அட்டையாக இருக்கும். ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். அன்றும் பெற்றோர் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நோட்டு எங்கே?

பிறகு அட்டைகள் போய்ப் பயிற்சி நூல்கள் வந்தன. கரும்பலகையையும் பந்தலையும் நான் விடவில்லை. தன் உயரத்தில் ஒரு பலகை இருந்தால் எழுதத் தயங்குகிற பிள்ளையும் எழுதிப் பார்க்கும். தப்பாக இருந்தால் யாரும் பார்க்குமுன் உள்ளங்கையால் துடைத்துவிடலாம். நோட்டில் அது முடியாது.

காலையில் இரண்டு பேர் வெளியே நின்று வானத்தைப் பார்க்கிறார்களே, தண்டனையா?

ஐயோ, இல்லை. காலநிலை அட்டவணைக்குப் பொறுப்பானவர்கள். இன்று வெயிலா, மேகமா, மழையா என்று பார்த்து வந்து படம் வரைய வேண்டும். ஒரு நாள் ஒருத்தி சூரியன் போட்டாள், கூட இருந்தவன் மேகம் போட்டான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மொத்த வகுப்பும் வெளியே போய்ப் பார்த்தது. பள்ளிக்கு மேலே வெயில். கிழக்கே, கடல் பக்கம் மேகம். கடைசியில் பாதி சூரியனும் பாதி மேகமுமாக ஒரு படம் வந்தது. அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

சட்டையெல்லாம் சேறு. யார் துவைப்பது?

நீங்கள்தான், மன்னிக்க வேண்டும். ஆனால் எப்போது சேறாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, கிளை பிரிந்து பிரிந்து நம் வாய்க்காலுக்கு வரும்போது ஊரே வேடிக்கை பார்க்கும். புதுத் தண்ணீர் வந்த அந்த வாரம்தான் எங்கள் களிமண் வாரம். வாய்க்கால் கரையில் வெட்டிய மண்ணைக் கல், வேர் நீக்கிப் பிசைந்து, ஈரச் சாக்கில் ஓர் இரவு மூடி வைத்தால் மறுநாள் கைக்கு ஒட்டாமல் வரும். மண்ணைப் பெரியவர்கள் எடுத்து வருவார்கள். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடுவதில்லை. அதில் மாறுதல் கிடையாது.

முதலில் உருண்டை, பிறகு திரி. அந்தத் திரியை வளைத்து எழுத்து. 'ழ' எழுதத் தெரியாத பிள்ளை திரியை வளைத்து 'ழ' செய்துவிடும். விரலுக்கு வழி தெரிந்தபின் பென்சிலுக்கும் தெரிந்துவிடுகிறது. பிறகு அவரவர் விருப்பம். மாடு, டிராக்டர், சட்டிப் பானை. நடவு நடும் பெண்கள் ஆறு பேரை வரிசையாகச் செய்து, ஒருத்திக்கு மட்டும் இடுப்பில் கை வைத்திருந்தாள் ஒரு சிறுமி. கேட்டால், "அது எங்கள் ஆச்சி, இடுப்பு வலி" என்றாள்.

களிமண் வாரத்தில் சீருடை வேண்டாம், பழைய சட்டை போதும்.

சார்ட், ஜிகினா, தெர்மாகோல் எல்லாம் வாங்க எவ்வளவு ஆகும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசு தருகிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வண்ண மெழுகுக் குச்சி, மூன்று முதல் ஐந்து வரை வண்ணப் பென்சில். மற்றதெல்லாம் ஊரில் கிடக்கிறது. வெண்டைக்காய்க் காம்பை வெட்டி வண்ணத்தில் தோய்த்து அழுத்தினால் பூ. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வெள்ளை அட்டை. பனை ஓலையும் கருவேல முள்ளும் இருந்தால் காற்றாடி. பழைய சாக்ஸில் பொத்தான் தைத்தால் கைப்பொம்மை. சொந்த வாயால் பேசாத பிள்ளை அந்தப் பொம்மையின் வாயால் பேசும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வைத்திருந்தால் தாயக்கட்டை. பல்லாங்குழியைக் கொண்டு வாருங்கள் என்றால் எந்த வீட்டிலும் இல்லை என்கிறார்கள், ஆனால் பரணில் தேடினால் கிடைக்கிறது.

டவுன் கடையில் அச்சடித்த படத்தை வாங்கி, பெரியவர்கள் அழகாக வெட்டி ஒட்டி, பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். கோணல் மாணலாக இருந்தாலும் பிள்ளை வெட்டியதுதான் பந்தலில் தொங்கும். உங்கள் கைவேலையைத் தொங்கவிட இடமில்லை.

என் பையன் எல்லாவற்றுக்கும் கருப்பே பூசுகிறான். மனதில் ஏதோ பயமாம், கைபேசியில் பார்த்தேன்.

நானும் ஒரு வாரம் கவலைப்பட்டேன். மரம் கருப்பு, வீடு கருப்பு, நிலா கருப்பு. பிறகு கூப்பிட்டுக் கேட்டேன். மற்ற நிறங்களையெல்லாம் தம்பிக்குக் கொடுத்துவிட்டானாம். டப்பாவில் மிச்சம் கருப்பு ஒன்றுதான்.

உண்மையிலேயே ஒரு பிள்ளை சட்டென்று பேச்சைக் குறைத்தால், சாப்பிடாமல் இருந்தால், அதைக் கவனிக்க வேண்டும். நிறத்தை வைத்துச் சோதிடம் பார்க்க வேண்டாம்.

கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர். அப்போதுதான் படிப்பான்.

முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். நான் அடி வாங்கிப் படித்தவள். அந்த அடிகள் நினைவிருக்கின்றன, அந்தப் பாடங்கள் நினைவில் இல்லை.

காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும்?

பள்ளி மணிக்கு ஒரு மணி நேரம் முன்னால் அனுப்புங்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்று, சாம்பாருடன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கிய திட்டம் இது. மறு ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று நம் பக்கத்துத் திருக்குவளையில் வைத்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். நடவு நாளில் அம்மாக்கள் விடியுமுன்னே வயலுக்குப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் பதினொரு மணிக்கு வயிற்று வலி என்று ஒரு கூட்டம் வரும். அது பசி என்று எங்களுக்குத் தெரியும்; கொடுக்க ஒன்றும் இருக்காது. இப்போது அந்தக் கூட்டம் வருவதில்லை.

மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள்? விளையாட்டுக்கும் மதிப்பெண்ணா?

முப்பருவ முறை வந்தபோதே நூற்றில் நாற்பதைப் பருவம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். செயல்பாடுகளுக்கு இருபது, சிறு தேர்வுகளுக்கு இருபது. மீதி அறுபது பருவக் கடைசியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீடு. இப்போது சின்ன வகுப்புகளில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் மதிப்பீடுகளைக் கைபேசிச் செயலியில் பதிகிறோம். சிக்னல் தேடி வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தால் அது அந்த வேலைதான். வாட்ஸ்அப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு பிள்ளைக்கு உட்கார்ந்து கதை படித்துக் காட்டியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றாத நாளில்லை.

வீட்டுப்பாடம்?

ஒன்று, இரண்டுக்குக் கிடையாது. மற்றவர்களுக்கு எப்போதாவது ஒரு வேலை: வீட்டில் எத்தனை வகைப் பாத்திரம், தாத்தா விளையாடிய விளையாட்டு எது, ஒரு மரக்கால் நெல் எத்தனை படி. பக்கம் பக்கமாக எழுதிக் காட்டச் சொல்ல மாட்டேன்.

கலைத் திருவிழாவுக்கு என் மகளைச் சேர்க்கவில்லையே?

அவள் 'வேண்டாம்' என்றாள், விட்டுவிட்டேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022-23-இல் ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளுக்குத் தொடங்கிய கலைப் போட்டி விழா, 2024-25-இல் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. கதை சொல்லுதல், ஒப்புவித்தல், வண்ணம் தீட்டுதல், களிமண் பொம்மை, மாறுவேடம் என்று நல்ல பிரிவுகள் உள்ளன. பள்ளி அளவில் எல்லாரும் ஏறட்டும், பிடிக்கும்வரை ஆடட்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அடுத்த சுற்று, பரிசு என்று வந்ததும் பெரியவர்களுக்குள் போட்டி வந்துவிடுகிறது. சினிமாப் பாட்டுக்கு இடுப்பை எப்படி அசைப்பது என்று ஏழு வயதுப் பெண்ணுக்கு ஒரு மாதம் பயிற்சி கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. போன முறை நம் பள்ளியில் கைதட்டல் அதிகம் வாங்கியவன், தன் வீட்டு ஆடு குட்டி போட்ட கதையைச் சொன்னவன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குட்டி வெளியே வந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிட்டான். நடுவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உங்கள் மகள் மேடைக்குப் பின்னால் நின்று எல்லாருடைய முகமூடிக்கும் நூல் கட்டிவிட்டாள். அடுத்த ஆண்டு அவளாகக் கேட்டால் சேர்க்கிறேன்.

வீட்டில் படிக்கப் புத்தகம் தருவீர்களா?

தருகிறோம். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக இருக்கின்றன. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்' இதழ் வருகிறது. வகுப்பில் கொடி கட்டி அதில் புத்தகங்களைத் துணி மாதிரி காயப்போட்டிருக்கிறோம். வேண்டியதை எடுத்துப் போகலாம். கிழிந்தால் திட்ட மாட்டேன், ஒட்டித் தந்தால் போதும். புத்தம் புதிதாகத் திரும்பி வருகிற புத்தகத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம்.

உங்களுக்கு எழுத்து வராது என்று தயங்க வேண்டாம். பிள்ளை வாசிக்க, நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்கலாம். நடுவில் "அப்புறம்?" என்று கேட்டால் போதும்.

விடுமுறைக்கு முன்னால் பந்தலில் இருப்பதைக் கொடுத்துவிடுவீர்களா?

ஆம். செப்டம்பரில் தேர்வு முடிந்த கடைசி நாள் மாலை மூன்று மணிக்கு மேல் வாருங்கள். பெரிய பை ஒன்று கொண்டு வாருங்கள். காகித வேலைகளில் பெயர் இருக்கிறது. களிமண் பொம்மைகள் ஜன்னல் ஓரத்தில் காய்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெயர் இல்லை, ஆனால் எது யாருடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு கொம்பு உடைந்த மாடு மட்டும் போன பருவத்திலிருந்தே அங்கே நிற்கிறது. மூன்று பேர் அதைத் தங்களுடையது என்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. பெற்றோர் வந்தால் பேசிக்கொள்ளலாம்.